தேட மூன்று நிமிடம்: கார்மல் விரிகுடாவில் கிடைத்த 50,681 பந்துகள்

கார்மல் விரிகுடாவில் கோடையிலும் தண்ணீர் சில்லிட்டுத்தான் கிடக்கும். ரப்பர் உடை இல்லாமல் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பதே பெரிய பாடு. கலிஃபோர்னியாவின் அந்தக் கடலோரத்தில் வளர்ந்த அலெக்ஸ் வெபர் என்ற பள்ளி மாணவிக்கு அது பழகிய தண்ணீர். மூச்சை அடக்கி முக்குளிப்பது அவருக்கு விளையாட்டு மாதிரி. 2016ஆம் ஆண்டு ஒரு நாள் அப்பாவோடு ஒரு சிறு குடாவுக்குள் இறங்கினார். அடியில் மணலே தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய தரை முழுக்க வெள்ளை வெளேரென்று கோல்ஃப் பந்துகள்.

கரைக்கு மேலே, பாறை விளிம்பை ஒட்டி இருப்பது பெபிள் பீச் கோல்ஃப் மைதானம். 1919இல் திறந்தது. அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டி 1972இல் தொடங்கி 2019 வரை ஆறு முறை அங்கே நடந்திருக்கிறது. ஒரு சுற்று ஆட 600 டாலருக்கு மேல் கட்டணம். உலகத்தின் மிக அழகான மைதானங்களில் ஒன்று என்று ஆடியவர்கள் சொல்வார்கள். படங்களைப் பார்த்தாலே ஒப்புக்கொள்வோம்.

பந்துகள் நிறைந்த அந்தக் குடாவை ஒரு மாணவி சுத்தம் செய்த கதையாகவே இதைச் சுருக்கிச் சொல்வதுண்டு. அந்தப் பெண்ணின் உழைப்புக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும். ஆனால் இந்த நிகழ்வு அதோடு முடிவதில்லை. தொலைந்த பொருள் யாருடையது என்ற பழைய கேள்வி இதற்குள் இருக்கிறது. விலை போகும் வரை அந்தப் பொருளுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அதை எடுத்து அப்புறப்படுத்தும் செலவு வரும்போது யாரையும் காணோம். இந்த ஆய்வில் நான் பின்தொடர விரும்புவது அதைத்தான்.

தொலைந்த பொருளும் தொலைந்த பந்தும்

எந்த கோல்ஃப் கிளப்பிலும் முன்கூடத்தில் ஒரு மேசை இருக்கும். மட்டையின் தலைக்குப் போடும் உறை, கைக்கடிகாரம், கைப்பேசி, தொலைவு அளக்கும் கருவி, கண்ணாடி என்று விட்டுப்போனவை எல்லாம் அங்கே வந்து சேரும். அதிகம் மறந்து போவது குட்டை மட்டைகள். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான பச்சைத் திட்டின் ஓரத்தில் கீழே வைத்துவிட்டு, பந்தை உருட்டும் மட்டையோடு உள்ளே போவார்கள். ஆட்டம் முடிந்த மகிழ்ச்சியிலோ கடுப்பிலோ அடுத்த குழிக்கு நடந்துவிடுவார்கள். பின்னால் வரும் குழு அதை எடுத்து வந்து ஒப்படைக்கும். ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள். தேடி வருபவர் அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டு போவார். நாணயமான ஏற்பாடு, நன்றாகவே நடக்கிறது.

அந்த நோட்டில் ஒருநாளும் ஏறாத பொருள் பந்துதான். கோல்ஃபில் அதிகம் தொலைவதும் அதுதான்.

பந்து தொலைவதற்கு விதிப்புத்தகத்திலேயே இடம் இருக்கிறது. தேடத் தொடங்கி மூன்று நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் அது 'தொலைந்த பந்து'. 2019 வரை ஐந்து நிமிடம் தந்தார்கள், ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது என்று குறைத்துவிட்டார்கள். தொலைத்தவருக்கு ஓர் அடி தண்டனை (குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்வார்), முன்பு அடித்த இடத்துக்கே போய் மறுபடி அடிக்க வேண்டும். கடல், ஏரி, ஓடை போன்றவை தண்டனைப் பகுதிகள். பந்து அதற்குள் விழுந்தது உறுதி என்றால் தேடவே வேண்டாம். ஓர் அடியைக் கூட்டிக்கொண்டு வேறு பந்தைப் போட்டு ஆடலாம். ஆட்டம் தடைபடாமல் நடக்க இது நல்ல விதி. விழுந்த பந்து பிறகு என்ன ஆகிறது என்பது அதன் வேலையே இல்லை.

பெபிள் பீச்சின் அமைப்பு இந்த விதிக்கு நிறைய வேலை கொடுக்கிறது. கோல்ஃபில் குழி என்றால் பந்து விழும் துளை மட்டுமல்ல, அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து அதுவரை உள்ள பாதை முழுவதும்தான். 4ஆம் குழியிலிருந்து 10ஆம் குழி வரையும், பிறகு 17, 18ஆம் குழிகளிலும் கடல் பக்கத்திலேயே வருகிறது. 7ஆம் குழி நூறு கெஜத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவு சிறியது. ஆனால் அதன் பச்சைத் திட்டு கடலுக்குள் நீட்டிய மூக்கு மாதிரி இருக்கிறது. காற்று எதிரே அடித்தால் பெரிய ஆட்டக்காரர்களே எந்த மட்டையை எடுப்பது என்று திணறுவார்கள். 8ஆம் குழியில் இரண்டாவது அடியைக் கடல் புகுந்த ஒரு பிளவுக்கு மேலாகப் பறக்கவிட வேண்டும். 6, 8, 9, 10 ஆகிய குழிகளில் கடல் வலது கைப் பக்கம். வலது கைக்காரர்களான சாதாரண ஆட்டக்காரர்கள் பெரும்பாலோருக்கு உள்ள குறை, பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவது. ஸ்லைஸ் என்பார்கள். இந்தக் குறையோடு அந்தக் குழிகளில் நிற்பவர் பந்தைக் கடலுக்குக் கொடுப்பது திறமைக் குறைவால் மட்டும் நடப்பதல்ல, தரையின் அமைப்பே அதற்கு வழி செய்கிறது.

உலகின் முதல்நிலை ஆட்டக்காரருக்கும் இது நேர்ந்தது. 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பனில், இருட்டியதால் பாதியில் நின்ற இரண்டாம் சுற்றை டைகர் வுட்ஸ் சனிக்கிழமை காலை தொடர்ந்தார். 18ஆம் குழியில் அவர் அடித்த பந்து இடப்பக்கம் வளைந்து கடலில் விழுந்தது. அவருடைய கேடி, அதாவது மட்டைப் பையைச் சுமந்து கூடவே வரும் உதவியாளர், ஸ்டீவ் வில்லியம்ஸ் பையைப் பார்த்தபோது ஒரே ஒரு பந்துதான் மிச்சம். முந்தின இரவு விடுதி அறையில் பயிற்சி செய்ய எடுத்த பந்துகளை வுட்ஸ் திரும்பப் பைக்குள் போடவில்லை. கேடிக்கு நெஞ்சு பதைத்தது. வுட்ஸுக்கு அப்போது விஷயமே தெரியாது. அந்தக் கடைசிப் பந்தில் குழியை முடித்து, போட்டியை 15 அடி வித்தியாசத்தில் வென்றார். கோல்ஃப் ரசிகர்கள் இன்றும் ரசித்துச் சொல்லும் சம்பவம் இது. பையில் எத்தனை பந்து மிச்சம் என்பதில்தான் கதையின் பதற்றம் முழுக்க. கடலில் விழுந்த பந்தைப் பற்றிக் கதையில் ஒரு வார்த்தை கிடையாது.

ஏரிக்குள் இறங்கியவர்

இனி அமெரிக்காவை விட்டு இங்கிலாந்துக்குப் போவோம். தொலைந்த பந்தைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பதற்கு அங்கே இரண்டு வழக்குகள் இருக்கின்றன.

முதலாவது 1948இல் வந்தது. ஹிபர்ட் எதிர் மெக்கியர்னன் என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பார்கள். அனுமதியின்றி ஒரு கோல்ஃப் மைதானத்துக்குள் புகுந்த ஒருவர், ஆட்டக்காரர்கள் தொலைத்துவிட்டுப் போன பந்துகளைப் பொறுக்கினார். போலீஸ் பிடித்தது. தொலைத்தவர்களே வேண்டாமென்று விட்டுப்போன பந்து திருட்டுப் பொருளாகுமா என்பதுதான் கேள்வி. ஆகும் என்றது நீதிமன்றம். ஆட்டக்காரர் கைவிட்டிருந்தாலும், தன் நிலத்தில் கிடக்கும் பொருளை அத்துமீறி நுழைபவர் எடுக்கக்கூடாது என்று கிளப் கருதுகிறது. அந்த அளவுக்கு அந்தப் பந்தின் மேல் அதற்கு உரிமை உண்டு.

இரண்டாவது, லெஸ்டர் நகரத்துக்கு அருகே வெட்ஸ்டோன் கோல்ஃப் மைதானத்து ஏரியில் நடந்தது. ஏரிகளில் மூழ்கிப் பந்து எடுத்து விற்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர், இரவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பந்துகளோடு பிடிபட்டார். 2002இல் அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை. யாரோ தொலைத்துவிட்டுப் போன பந்தை எடுத்ததற்கா சிறை என்று பரவலாக எதிர்ப்பு எழுந்தது. மேல்முறையீட்டில் சில நாட்களிலேயே விடுவித்துவிட்டார்கள். ஆனால் விடுதலை தண்டனைக்கு மட்டும்தான். அடுத்த ஆண்டு குற்றத் தீர்ப்பையே எதிர்த்துப் போட்ட மேல்முறையீடு தோற்றது. ஏரிக்கு அடியில் கிடந்தாலும் பந்து கிளப்பின் சொத்து என்று கருத இடமுண்டு என்பது நிலைத்தது.

இரவில் அடுத்தவர் ஏரியில் அனுமதியின்றி மூழ்குவதை நான் நியாயப்படுத்த வரவில்லை. சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவுவது ஆபத்தான வேலை, உயிரே போய்விடக்கூடும். மைதானத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஏரிப் பந்துகளை எடுத்துக் கழுவி, தரம் பிரித்து மறுபடி விற்கும் முறையான தொழிலும் இருக்கிறது. நான் கவனிப்பது ஒன்றைத்தான். ஏரிக்குள் கிடக்கும் பந்து கிளப்பினுடையது என்று சொல்ல வழக்கு நீதிமன்றம் வரை போனது. அதை எடுத்து விற்றால் காசு.

கார்மலுக்கு இங்கிலாந்துச் சட்டம் பொருந்தாது. அங்கே வேறொரு கோடு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் கடல் ஏற்றத்தின் சராசரி எல்லைக்குக் கீழே உள்ள நிலம் மக்களின் பொதுச்சொத்து, மாநிலம் அதைக் காவல் காக்கிறது. அதற்கப்பால் உள்ள நீர் 1992இல் அறிவித்த மான்டரே விரிகுடா தேசியக் கடல் சரணாலயத்தைச் சேர்ந்தது. குப்பை கொட்டுவது அங்கே தடை. ஆக, 8ஆம் குழியில் ஒருவர் அடித்த பந்து பாறை விளிம்பைத் தாண்டி விழும் நொடியில் தனியார் புல்வெளியிலிருந்து பொதுக் கடலுக்குள் போய்விடுகிறது. ஆட்டக்காரர் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். பந்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு எந்தக் கிளப்பும் நீதிமன்றத்துக்குப் போகப்போவதில்லை.

மூழ்கும் பொருள் கண்ணில் படாது

இவ்வளவு பெரிய குவியல் அத்தனை ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் எப்படிக் கிடந்தது? பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பதில் கிடைக்கும். விதிப்படி அதன் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. இந்த இரண்டு எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.13 கிராம் அடர்த்தி வருகிறது. கடல் நீரின் அடர்த்தி சுமார் 1.025. எனவே பந்து மூழ்கும். பிளாஸ்டிக் பாட்டிலும் பையும் மிதந்து கரைக்கு வரும், படம் எடுப்பார்கள், செய்தி வரும். கோல்ஃப் பந்து விழுந்த இடத்திலேயே அடியில் உட்கார்ந்துவிடும்.

அடியில் போனதும் சும்மா கிடப்பதில்லை. அலையின் இழுப்பில் முன்னும் பின்னும் உருண்டு, பாறைக் குழிகளிலும் கடலடிப் பள்ளங்களிலும் சேர்ந்துகொள்ளும். அங்கே இருப்பது கெல்ப் என்ற பெரும்பாசிக் காடு. கடல்நீர்நாய்கள் அதற்குள் மல்லாந்து மிதக்கும், பாறைகளில் கடல்நாய்கள் வெயில் காயும். பந்துகள் குவிவது அந்தக் காட்டின் வேர்ப்பிடியிலேயே. கடலோர மைதானங்களிலிருந்து மட்டும் வரவில்லை. கார்மல் ஆற்றங்கரையிலும் மைதானங்கள் உண்டு. மழை வெள்ளம் அங்கே தொலைந்த பந்துகளை உருட்டிக்கொண்டு வந்து கடலில் சேர்க்கும்.

அலெக்ஸும் அப்பாவும் நண்பர் ஜாக் ஜான்ஸ்டனும் வலைப்பைகளோடு இறங்கத் தொடங்கினார்கள். நம் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர்களைப் போல, ஒரு மூச்சில் அடியைத் தொட்டு, கைக்குக் கிடைத்ததை அள்ளி, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி இறங்குவது. ஆயிரம் பந்து என்றால் 46 கிலோ. அந்த எடையை அலைக்குள்ளிருந்து கரைக்கு இழுத்து வர வேண்டும். வீட்டு வாகனக் கொட்டகை நிறைந்தது, நாற்றமும் எடுத்தது. அவர்கள் கீழே அள்ளிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து புதுப் பந்துகள் தண்ணீரில் வந்து விழும்.

இங்கேதான் அந்தப் பெண் செய்த இரண்டாவது காரியம் வருகிறது. அள்ளியதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கடலுயிர் ஆய்வாளர் மேத்யூ சவோக்காவுக்கு மின்னஞ்சல் எழுதினார். கடலில் ஊறிய பிளாஸ்டிக்கின் வாசனை கடற்பறவைகளை இரையென்று ஏமாற்றி இழுப்பதைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். வந்து பார்த்தார், கூடவே தண்ணீரிலும் இறங்கினார். அள்ளினால் மட்டும் போதாது, எண்ண வேண்டும் என்றார். எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை பந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் பதிந்தார்கள். தேய்மானத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் வைத்தார்கள். புதிதுபோல் பளபளப்பது ஒன்று. உடைந்து உள்ளே தெரிவது ஐந்து.

எண்ணிக்கை சொன்னது

2016 மே முதல் 2018 ஜூன் வரை சேர்ந்தவை 50,681 பந்துகள். எடை 2,300 கிலோவுக்கு மேல். 2019 ஜனவரியில், கடல் மாசு பற்றி வெளிவரும் அறிவியல் இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் அலெக்ஸ் வெபர்.

கட்டுரையில் என்னை நிறுத்தி வைத்த எண் வேறொன்று. பந்துகளின் தேய்மானத்தை வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ 28 கிலோ பொருள் அவற்றிலிருந்து உரிந்து ஏற்கெனவே கடலில் கலந்துவிட்டது. 2,300 கிலோவோடு ஒப்பிட்டால் சின்ன எண் போலத் தெரியும். ஆனால் 2,300 கிலோவை மனிதக் கை திரும்ப எடுக்க முடிந்தது. இந்த 28 கிலோவை இனி எந்தக் கையாலும் எடுக்க முடியாது. மணலோடு மணலாகப் போன பிளாஸ்டிக் பொடி அது.

பந்தின் வெளித்தோல் சர்லின் அல்லது யூரித்தேன் என்ற பிளாஸ்டிக். உள்ளே செயற்கை ரப்பர். அதை இறுக்கமாக்கத் துத்தநாக ஆக்சைடும் துத்தநாக அக்ரிலேட்டும் சேர்க்கிறார்கள். இவை நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகக்கூடியவை. பழைய காலத்துப் பந்துகளில் கருவைச் சுற்றி நீளநீளமாக ரப்பர் நூல் சுற்றியிருக்கும். தோல் கிழிந்தால் அந்த நூல் அவிழ்ந்து வெளியே வரும். மட்டையின் அடியையே தாங்கும்படி செய்த பொருளை அலையும் பாறையும் சேர்ந்து, ஆத்திரமே படாமல், அரைத்துக்கொண்டிருக்கின்றன. எடுத்தவற்றில் பெரும்பாலானவை லேசாகத்தான் தேய்ந்திருந்தன. இதைக் கேட்டு ஆறுதல் அடையத் தோன்றும், ஆனால் எனக்குக் கவலைதான் வருகிறது. லேசாகத் தேய்ந்தவை கடலில் இருந்தால் இனிமேல்தான் உரியும். இப்போது எடுத்தால் மிச்சம். விட்டால் போயிற்று.

மைதானக் கணக்கும் போட்டுப் பார்த்தார்கள். பெபிள் பீச்சில் ஆண்டுக்குச் சுமார் 62,000 சுற்றுகள் ஆடப்படுகின்றன. ஒரு சுற்றுக்கு ஒருவர் ஒன்றிலிருந்து மூன்று பந்து தொலைக்கிறார் என்று வைத்தால், ஆண்டுக்கு 62,000இலிருந்து 1,86,000 பந்துகள். இது மதிப்பீடுதான், எல்லாமே கடலுக்குப் போவதுமில்லை, புதரிலும் புல்லிலும் கிடப்பவையும் இதில் சேர்த்தி. ஆனாலும் மூன்று பேர் இரண்டு ஆண்டு மூச்சடக்கி அள்ளத் தொடங்கியது எந்த ஓட்டத்துக்கு எதிராக என்பது இதில் தெரிகிறது. உலகத்தில் 38,000க்கு மேல் மைதானங்கள் இருக்கின்றன. கடலையோ ஆற்றையோ ஒட்டியவற்றில் இப்படி இறங்கி எண்ணிப் பார்த்த இடம் என்று எனக்குத் தெரிந்தவரை அதுவரை கார்மலைத்தான் சொல்ல முடிந்தது.

பொறுப்பு யாருக்கு வந்தது

பெபிள் பீச் நிறுவனத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் கதவை அடைக்கவில்லை. ஆய்வாளர்களோடும் கடல் சரணாலய அதிகாரிகளோடும் உட்கார்ந்து பேசி, தண்ணீரில் இறங்கிப் பந்து எடுப்பதற்கு ஒரு முறையை வகுக்க ஒத்துழைத்தார்கள். இது சாதாரண விஷயமில்லை. தொலைந்த பந்தைப் பொறுத்தவரை, விலைக்காக அல்லாமல் கழிவுக்காக ஒரு மைதானம் முன்வந்து 'இது எங்கள் வேலை' என்று ஒப்புக்கொள்வது புதிது.

அது அவர்களாக முன்வந்ததல்ல, எண்ணிக்கை இழுத்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மணல் தெரியாத அளவுக்குப் பந்து குவிய ஓராண்டு போதாது. மைதானம் திறந்து கிட்டத்தட்ட நூறு ஆண்டு. அத்தனை காலத்திலும் அதைப் பார்த்திருக்கக்கூடியவர்கள் கடலுக்குள் தலையை விட்டவர்கள் மட்டும்தான். பார்த்தவர்களும் எண்ணவில்லை. எண்ணாத வரை அது எங்கோ ஓரிரு பந்து, யாரோ ஒருவரின் மோசமான அடி. 50,681 என்று எழுதிய பிறகு அதற்கு ஒரு முகவரி வந்துவிட்டது.

அள்ளுவதோடு நிறுத்தினால் அள்ளிக்கொண்டேதான் இருக்க வேண்டும். விதியைத் திருத்தி ஆட்டக்காரரைத் தேடச் சொல்வதும் வழியல்ல. பாறை விளிம்பில் இறங்கித் தேடுபவர் காலை உடைத்துக்கொள்வார். என் யோசனை சிறியது, காசும் அதிகம் ஆகாது. பெபிள் பீச்சில் கேடிகள் இருக்கிறார்கள். எந்தப் பந்து எங்கே போனது என்பதை ஆட்டக்காரரைவிடத் துல்லியமாகப் பார்ப்பவர்கள் அவர்கள். பந்தின் போக்கைக் கண்ணால் பிடிப்பதுதான் அவர்களுடைய தொழில். அடி எண்ணிக்கை எழுதும் அட்டை எல்லோர் கையிலும் இருக்கிறது. கடலில் விழுந்த பந்துக்குத் தண்டனை அடி அதில் ஏற்கெனவே ஏறுகிறது, எந்த இடத்தில் விழுந்தது என்பது மட்டும்தான் ஏறுவதில்லை. மறந்துபோன மட்டைக்கு நோட்டு வைத்திருக்கும் அதே முன்கூட மேசையில், ஆட்டம் முடிந்து வருபவர் அதையும் சொல்லட்டும். மாதக் கடைசியில் முக்குளிப்பவர்கள் கையில் ஒரு தாள் இருக்கும்: 6ஆம் குழி வலப்பக்கம் இத்தனை, 8ஆம் குழிப் பிளவில் இத்தனை, 18ஆம் குழி இடப்பக்கம் இத்தனை. எங்கே முதலில் இறங்குவது என்று அவர்கள் அலையைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை.